சிஐஏவின் முதல் தேர்தல்: இத்தாலி, 1948

எந்த நாட்டுல தேர்தல் நடந்தாலும், தோற்ற பக்கத்துல இருந்து யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க: "இது மக்கள் தீர்ப்பே இல்ல, வெளிநாட்டுச் சதி." 2016இல் ரஷ்யா எங்கள் தேர்தலில் தலையிட்டது என்று அமெரிக்கா கொதித்தது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. ஆனா அதே அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ, ஏழு மாசக் குழந்தையா இருந்தப்போ செய்த முதல் பெரிய ரகசிய வேலை என்ன தெரியுமா? இன்னொரு நாட்டுத் தேர்தலில் கை வைத்தது. நாடு இத்தாலி. தேதி 1948 ஏப்ரல் 18.

இன்னைக்கு எபிசோடில் அந்தத் தேர்தலைப் பார்க்கப் போறோம். "வெளிநாடு ஒரு தேர்தலை மாத்த முடியுமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்குன்னு நான் நினைக்கிறேன். அதுக்குக் கடைசியில் வருவோம்.

பசி, இடிபாடு, புதுக் குடியரசு

முதல்ல களம். இருபது வருஷத்துக்கு மேல் முசோலினியின் பாசிச ஆட்சி. அதற்குப் பிறகு போர், ஜெர்மன் ஆக்கிரமிப்பு, உள்நாட்டுச் சண்டை. 1946 ஜூன் 2 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடத்தி மன்னராட்சியை ஒழித்தார்கள். தேசிய அளவில் பெண்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டதும் அன்றைக்குத்தான். அதே நாளில் அரசியல் நிர்ணய சபைக்கும் தேர்தல் நடந்தது. அதில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 35 சதவீதம். சோஷலிஸ்டுகளுக்குக் கிட்டத்தட்ட 21, கம்யூனிஸ்டுகளுக்குக் கிட்டத்தட்ட 19.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் ரெண்டு பேரும் சேர்ந்தா சுமார் 40. தனிப்பெரும் கட்சியைவிட அதிகம். 1948 தேர்தலுக்கு அவங்க நிஜமாவே சேர்ந்துட்டாங்க. பெயர் மக்கள் ஜனநாயக முன்னணி. சின்னம், நட்சத்திரத்துக்குள் கரிபால்டியின் முகம். இத்தாலியை ஒன்றுசேர்த்த வீரர் அவர். அந்த முகத்துக்கு இருந்த மரியாதையே ஒரு பிரச்சாரம்.

ஒரு பக்கம் பிரதமர் அல்சீதே தே காஸ்பெரி. முசோலினி சிறையில் போட்டவர். வெளியே வந்தபின் வத்திக்கான் நூலகத்தில் வேலை பார்த்துக் காலத்தை ஓட்டியவர். எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் பால்மிரோ தோலியாத்தி. பாசிச ஆட்சியின்போது பல வருஷங்கள் மாஸ்கோவில் இருந்துவிட்டு 1944இல் நாடு திரும்பியவர். போருக்குப் பின் ரெண்டு பேருமே ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தவங்கதான். 1947 மே மாதம் தே காஸ்பெரி இடதுசாரிகளை வெளியே விட்டுப் புது அரசு அமைத்தார். அங்கிருந்து கோடு பிரிந்தது.

வாஷிங்டனுக்கு ஏன் பதற்றம்? இடதுசாரிகள் புரட்சி பண்ணி ஆட்சியைப் பிடிப்பாங்க என்ற பயம் இருந்தது. ஆனா அதைவிடப் பெரிய பயம், அவங்க சட்டப்படி, ஓட்டு வாங்கியே ஜெயிச்சுடுவாங்க என்பது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுசாகக் கைப்பற்றினார்கள். மார்ச் 10 அன்று அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். இத்தாலியத் தேர்தலுக்கு அப்போது ஆறு வாரம்கூட இல்லை.

எல்லார் கண் முன்னாலும் நடந்தது

தேர்தல் தலையீடு என்றதும் நமக்குக் கறுப்புக் கண்ணாடி, பெட்டி நிறையப் பணம்தான் நினைவுக்கு வரும். அதுவும் நடந்தது, சொல்றேன். ஆனா 1948இல் பெரும்பகுதி பட்டப்பகலில் நடந்தது.

முதலில் சாப்பாடு. போர் முடிந்த இத்தாலியில் கோதுமை, நிலக்கரி இரண்டுக்கும் அமெரிக்கக் கப்பல்களைத்தான் நம்பியிருந்தார்கள். அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் டன், கப்பல் வருகிற துறைமுகங்களுக்கே போய் விழா எடுத்துப் பேசினார். இந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தருக்கும் மறக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒரு போஸ்டரின் கருத்து இது: தோலியாத்தியின் பேச்சை ஊற்றி பாஸ்தா சாப்பிட முடியாது, மாவு தே காஸ்பெரி அமெரிக்காவிடம் வாங்கித் தந்தது.

அடுத்து மிரட்டல். மார்ச் 19 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பொது மேடையிலேயே சொன்னார்: கம்யூனிஸ்டுகளைத் தேர்ந்தெடுத்தால் இத்தாலி மறுசீரமைப்பு உதவியிலிருந்து விலகிக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று. ஐரோப்பாவுக்கே உதவி தரும் மார்ஷல் திட்டச் சட்டத்தில் ஏப்ரல் 3 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். ஓட்டுப்பதிவுக்குப் பதினைந்து நாள் முன்னால்! கம்யூனிஸ்ட் கட்சியில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் குடியேற விசா கிடைக்காது என்ற எச்சரிக்கையும் வந்தது. வீட்டுக்கு ஒருத்தர் நியூயார்க்கில் இருக்கிற தெற்கு இத்தாலியக் கிராமத்துக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மூன்றாவது, நிலம். டிரியெஸ்டே என்ற துறைமுக நகரத்துக்கு இத்தாலியும் யுகோஸ்லாவியாவும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. மார்ச் 20 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து, அந்தப் பிரதேசம் இத்தாலிக்கே திரும்பணும் என்று அறிவித்தன. யுகோஸ்லாவியா அப்போது சோவியத் முகாமில் இருந்தது. இப்ப தோலியாத்தி என்ன பேசுவார்? ஆமாம் என்றால் மாஸ்கோவுக்குக் கோபம், இல்லை என்றால் சொந்த நாட்டுக்காரனுக்குக் கோபம். வாக்குறுதி எப்போது நிறைவேறியது என்று கேட்டால், 1954இல். அதுவும் நகரமும் அதைச் சுற்றிய பகுதியும்தான் கிடைத்தது. மிச்சம் யுகோஸ்லாவியாவிடமே நின்றுவிட்டது.

நான்காவது, கடிதங்கள். இதுதான் எனக்கு ரொம்பவும் வியப்பான பகுதி. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் ஊரில் இருக்கிற அப்பா அம்மா, சித்தப்பா, மச்சானுக்கெல்லாம் கடிதம் எழுதும் இயக்கம் ஒன்று கிளம்பியது. ஜெனரோசோ போப் என்பவர் நடத்திய இத்தாலிய மொழிப் பத்திரிகை அதை முன்னின்று தள்ளிவிட்டது. சர்ச்சுகளும் சேர்ந்துகொண்டன. என்ன எழுதணும் என்று அச்சடித்த மாதிரிக் கடிதமே கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு முகவரி எழுதினால் போதும். இடதுசாரிகள் வந்தால் இனிமேல் பணமும் பார்சலும் அனுப்ப முடியாமல் போகும் என்று அவற்றில் இருந்தது. லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தன.

இன்னைக்கு வாட்ஸப் ஃபார்வர்டு பற்றி நாம பேசுறோமே, அதோட தாத்தா இது. அனுப்புறது சொந்த அண்ணன். எழுதினது வேற யாரோ.

ஓட்டுச்சாவடிக்குள் கடவுள்

இந்தக் கதையில் அமெரிக்காவை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வெளியிலிருந்து நீளும் கை உள்ளே வேலை செய்ய, உள்ளூரில் ஒரு கை வேணும். இத்தாலியில் அந்தக் கை கத்தோலிக்கத் திருச்சபை.

1948 பிப்ரவரியில் லூயிஜி ஜெத்தா என்ற மருத்துவர், போப் பன்னிரண்டாம் பயஸின் ஆதரவோடு 'குடிமக்கள் குழுக்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சில வாரங்களிலேயே நாடு முழுக்கப் பங்குக் கோயில்கள் வழியாக ஆயிரக்கணக்கான குழுக்கள். வீடு வீடாகப் போனார்கள், நோயாளிகளையும் முதியவர்களையும் ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு படத்தில் கரிபால்டியின் முகம். தலைகீழாகத் திருப்பினால் ஸ்டாலின்! எதிர்க்கட்சிச் சின்னத்தையே ஆயுதமாக்கிவிட்டார்கள். ஓட்டுச்சாவடிக்குள்ளே ஸ்டாலினால் உன்னைப் பார்க்க முடியாது, கடவுளால் முடியும் என்ற பொருளில் ஒரு வாசகமும் அப்போது ஊரெல்லாம் ஓடியது.

ஜெத்தாவின் தொண்டரைப் பார்த்து "நீ அமெரிக்க ஏஜென்ட்" என்றால் அவர் சிரித்திருப்பார். அவருக்கு இது தன் நம்பிக்கை, தன் ஊர், தன் சண்டை. இதை மறந்துட்டு வெளிநாட்டுத் தலையீட்டைப் புரிஞ்சுக்கவே முடியாது.

பை நிறையப் பணம்

இப்போ ரகசிய வேலைக்கு வருவோம். சிஐஏ தொடங்கியது 1947 செப்டம்பரில். அந்த மாதமே அதன் தலைமைச் சட்ட ஆலோசகர் லாரன்ஸ் ஹூஸ்டன், இந்த மாதிரி ரகசிய அரசியல் வேலைகளுக்கு நமக்குச் சட்டத்தில் தெளிவான அதிகாரம் இல்லை, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று குறிப்பு எழுதினார். சொந்த வக்கீலே வேண்டாம்னு சொல்றார். ஆனாலும் டிசம்பரில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில், ரகசிய உளவியல் நடவடிக்கைகளுக்கு சிஐஏவைப் பொறுப்பாக்கி உத்தரவு போட்டது. அதற்கென்று தனிக் குழு. முதல் பெரிய களம் இத்தாலி.

தே காஸ்பெரியின் கட்சிக்கும் இடதுசாரிகளை எதிர்த்த மற்றவர்களுக்கும் பணம் போனது. மொத்தம் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒரே தொகையைச் சொல்வதில்லை. ஆனால் பணம் போனதில் சந்தேகமே இல்லை. அந்த வேலையில் இருந்த மார்க் வாயட் என்ற சிஐஏ அதிகாரி பல வருஷம் கழித்துப் பேட்டியில் ஒளிக்காமல் சொன்னார்: பை பையாகப் பணம் கொடுத்தோம், போஸ்டர், துண்டறிக்கை மாதிரி பிரச்சாரச் செலவுக்காகக் கொடுத்தோம் என்று.

சரி, மாஸ்கோ சும்மா இருந்ததா? இல்லை. சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு அதுவும் வெளியே வந்தது. 1947 டிசம்பரில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவரான பியெத்ரோ செக்கியா மாஸ்கோவுக்குப் போய் ஸ்டாலினைச் சந்தித்தார், பண உதவி கேட்டார். அந்தக் கட்சிக்கு சோவியத் பணம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. ஆக, "வெளிநாட்டு ஏஜென்ட்" என்று இரண்டு பக்கமும் மாறி மாறித் திட்டிக்கொண்டபோது, இரண்டு பக்கமும் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. வித்தியாசம் என்னன்னா, ஒரு பக்கத்திடம் கோதுமையும் இருந்தது.

ஜெயிச்சது யார்?

ஏப்ரல் 18. ஓட்டுப் போட்டவர்கள் 92 சதவீதம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 48.5 சதவீதம், 574 இடங்களில் 305. மக்கள் முன்னணிக்கு 31 சதவீதம், 183 இடங்கள். கிட்டத்தட்ட 17 புள்ளி வித்தியாசம்.

இதை எது செய்தது? பணப் பையா, கடிதமா, கோதுமையா, டிரியெஸ்டேயா, பாதிரியாரா? யாராலும் தனித்தனியாகப் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஏன்னா எல்லாம் ஒரே ஆறு வாரத்தில் ஒண்ணாக் கலந்து விழுந்தது. அதோடு பிராகாவில் நடந்ததை வாக்காளர்கள் தாங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை சிஐஏ நடத்தவில்லை. நிலம் வைத்திருந்த சிறு விவசாயிக்கு, பக்தியுள்ள ஒரு குடும்பத்துக்கு, இடதுசாரிகளை எதிர்க்கச் சொந்தக் காரணங்கள் இருந்தன. அதே மாதிரி, எண்பது லட்சம் பேர் இவ்வளவு அழுத்தத்துக்கு நடுவிலும் முன்னணிக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன.

அரசியல் விஞ்ஞானி டவ் லெவின் இதைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தார். 1946லிருந்து 2000 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அதன்பின் ரஷ்யாவும் சேர்ந்து 117 தேசியத் தேர்தல்களில் ஒரு பக்கத்துக்கு ஆதரவாகத் தலையிட்டன என்பது அவர் கணக்கு. அமெரிக்கா 81, மாஸ்கோ 36. சராசரியாகக் கிடைத்த பலன் சுமார் 3 சதவீத ஓட்டு. நெருக்கமான போட்டியில் 3 சதவீதம் ஆட்சியையே மாற்றிவிடும். 17 புள்ளி இடைவெளியில்? இத்தாலியில் தே காஸ்பெரி எப்படியும் முதலிடத்துக்கு வந்திருக்கலாம். தனிப் பெரும்பான்மை கிடைத்திருக்குமா என்பதுதான் விவாதத்துக்கு உரியது.

"நாமதான் ஜெயிச்சோம்"

இப்ப, தொடக்கத்தில் சொன்ன அந்த இன்னொரு கேள்வி. தலையீடு வேலை செய்ததா என்பது இன்றுவரை தெளிவில்லை. ஆனால் வேலை செய்தது என்று வாஷிங்டன் நம்பிவிட்டது. அந்த நம்பிக்கை என்ன செய்தது?

இரண்டே மாதத்தில், 1948 ஜூனில், ரகசிய நடவடிக்கைகளுக்கென்றே நிரந்தர அலுவலகம் அமைக்க உத்தரவு வந்தது. ஃபிராங்க் விஸ்னர் அதன் தலைவரானார். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்த ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன், பிற்காலத்தில் அதைத் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று சொன்னார். இத்தாலியில் அவசரத்துக்குக் கொடுத்த பணம் பழக்கமாகிவிட்டது. 1976இல் கசிந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கையின்படி, 1948லிருந்து சுமார் இருபது வருஷத்தில் அந்த நாட்டு அரசியலுக்குள் போனது 6.5 கோடி டாலர். 1981 வரை இத்தாலியின் ஒவ்வொரு பிரதமரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்தான். தோற்றுப்போவோம் என்ற பயமே இல்லாத கட்சி எப்படி ஆகும்? 1992இல் தொடங்கிய லஞ்ச விசாரணைகளில் அந்தக் கட்சி சிதறி, 1994இல் கலைந்தே போனது. அதற்கு முழுக் காரணம் வெளிநாட்டுப் பணம் என்று சொல்ல மாட்டேன். ஆனா கணக்குக் காட்டாத பணத்தில் கட்சி நடத்துற பழக்கத்துக்கு அதுவும் ஒரு விதை.

அந்த சூத்திரம் கப்பல் ஏறி சிலி நாட்டுக்கும் போனது. 1964 அதிபர் தேர்தல். இடதுசாரி வேட்பாளர் சல்வதோர் அயெந்தே. எதிரே எதுவார்தோ ஃபிரெய், அவர் கட்சியின் பெயரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி! அமெரிக்க செனட்டின் சர்ச் கமிட்டி 1975இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஃபிரெயின் பிரச்சாரச் செலவில் பாதிக்கு மேல் சிஐஏ பணம். சோவியத் டாங்கிப் படங்கள், கியூபாவின் துப்பாக்கிப் படைப் படங்கள், கம்யூனிசத்தைக் கண்டித்த பழைய போப் மடலின் லட்சக்கணக்கான பிரதிகள். 1948ஐ அப்படியே காப்பி அடித்த மாதிரி இருக்கும். ஃபிரெய் ஜெயித்தார்.

1970இல் அதே சூத்திரத்தோடு திரும்ப வந்தார்கள். இந்த முறை அயெந்தே சுமார் 36 சதவீதத்தில் முதலிடம். ஓட்டில் தடுக்க முடியாதபோது அடுத்து என்ன செய்தார்கள்? செப்டம்பர் 15 அன்று அவர் பதவிக்கு வராமல் தடுக்கும்படி அதிபர் நிக்சன் சிஐஏவுக்கு உத்தரவிட்டார். அரசியல் சட்டத்தை மீற மாட்டேன் என்று நின்ற ராணுவத் தளபதி ரெனே ஷ்னைடர், அக்டோபரில் நடந்த கடத்தல் முயற்சியில் சுடப்பட்டு இறந்தார். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. பதினாறு வருஷத்துக்கு மேல் சர்வாதிகாரம், மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டோ காணாமல் போயோ. கோதுமை மூட்டையில் தொடங்கின பாதை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்க. அடுத்தவர் நாட்டு வாக்காளரின் முடிவை நாம திருத்தலாம்னு ஒருமுறை நினைச்சவங்களுக்கு, திருத்த முடியாத முடிவைத் தாங்கிக்கத் தெரியல.

நம்ம பக்கம்

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. இங்கே தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் 1978இல் எழுதிய புத்தகத்தில், கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் வருவதைத் தடுக்க அமெரிக்கா இரண்டு முறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று சொன்னார். இந்திரா காந்தி மறுத்தார். எதிர்ப்பக்கம், சோவியத் உளவு அமைப்பிலிருந்து மித்ரோகின் கொண்டுவந்த குறிப்புகளை வைத்து 2005இல் வந்த புத்தகம், கேஜிபி பணம் இங்கே ஓடியதாகச் சொன்னது. அதையும் சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். 1976லேயே கட்சிகளும் வேட்பாளர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2018இல் நாடாளுமன்றம், எது 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறையையே 1976லிருந்து முன்தேதியிட்டுத் தளர்த்தியது. பெரிய விவாதம் இல்லாமலே.

அதனால அடுத்த தடவை "வெளிநாட்டுச் சதி" என்று டிவியில் யாராவது கத்தும்போது, உள்ளே கதவைத் திறந்துவிட்டது யார் என்று முதலில் கேளுங்க. கட்சிக்கு வந்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று கேளுங்க. ஜெயித்த கட்சியிடமும் கேளுங்க, தோற்ற கட்சியிடமும் கேளுங்க. ஆனா ஓட்டுப் போட்ட மக்களை மட்டும் பொம்மை என்று சொல்லிடாதீங்க. 1948இல் வரிசையில் நின்ற அந்த 92 சதவீதம் பேரை வாஷிங்டனும் மாஸ்கோவும் அப்படித்தான் பார்த்தன. அந்தப் பார்வையை நாமும் கடன் வாங்க வேண்டாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.